கணக்குக் கண்காட்சியில் நான் செய்த பெட்டிகள்

மரவள்ளி மாவைக் கரைத்துக் கிளறும்போது, கொதி வருவதற்குச் சற்று முன்னால் ஒரு புளித்த வாசம் எழும். பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் அந்தப் பசை வாசத்தில்தான் நான் வளர்ந்தேன். அங்கிருந்து புறப்பட்டவன்தான் இன்று மேரு வட்டாரத்தில் அட்டைப்பெட்டித் தொழிற்சாலை கட்டியிருக்கிறேன், சுபாங் ஜெயாவில் மாடி வீடு கட்டியிருக்கிறேன், பிள்ளைகளை டாக்டராகவும் வக்கீலாகவும் ஆக்கியிருக்கிறேன். என்னைத் திருப்பி அனுப்பிய பேங்க் மேனேஜரே பின்னாளில் என் ஆபீஸ் வாசலில் காத்திருந்தார். இடைநிலைப் பள்ளியில் மூன்றாம் படிவத்தோடு படிப்பை விட்டவனுக்கு இது போதாதா என்று மேடை கிடைத்த இடமெல்லாம் பேசியிருக்கிறேன். எந்த மேடையிலும் பேசாதது, முதலாம் படிவத்தில் நடந்த கணக்குக் கண்காட்சியைப் பற்றித்தான்.

அம்மா பழைய பேப்பரை வெட்டி மளிகைக் கடைகளுக்குப் பை ஒட்டிக் கொடுப்பார். பள்ளி விட்டு வந்ததும் நானும் உட்காருவேன். எந்தத் தாளை வெட்டினாலும், பசை தடவ ஓரத்தில் ஒரு விரல் அகலம் கூடுதலாக விடவேண்டும். எங்கள் வீட்டில் அதற்கு "நாக்கு" என்று பேர். "நாக்கு விட்டியாடா?" என்று கேட்காமல் அம்மா கத்தரிக்கோலை என் கையில் தந்ததே இல்லை.

கணக்குக்குத் தில்லைநாதன் சார். பாடம் மலாயில் நடக்கும். எங்கள் முகம் இருண்டால் தமிழுக்கு வந்துவிடுவார். கனவடிவங்களின் புறப்பரப்பை நடத்திய அன்று அவர் சூத்திரம் எதையும் எழுதவில்லை. வீட்டிலிருந்து கொண்டுவந்த சோப்புப் பெட்டி, தேயிலைப் பெட்டிகளை விளிம்போடு கீறித் தரையில் விரிக்கச் சொன்னார். நிமிர்ந்து நின்ற பெட்டியெல்லாம் கையைக் காலை நீட்டிப் படுத்துக்கொண்டது. "பெட்டிக்குச் சட்டை போட எவ்வளவு துணி வேணும்? ஒவ்வொரு முகமா அளந்து கூட்டுங்க, அவ்வளவுதான்" என்றார். அதுவரை கணக்கைக் கண்டால் ஓடி ஒளிந்த எனக்கு, இது நம்ம வீட்டு வேலை ஆயிற்றே என்று தோன்றியது.

நான் பெட்டியை மறுபடி மடித்த அழகைப் பார்த்த சார், கண்காட்சிக்குப் பெரிய கனசதுரம், பட்டகம், பிரமிட் எல்லாம் விரித்து மூடும்படி செய்யும் வேலையை என்னிடம் கொடுத்தார். கணக்கு எழுத என் பக்கத்துப் பெஞ்சு சிவபாலன். அவன் அப்பா அரசாங்க கிளார்க். வெட்டியது, மடித்தது, ஒட்டியது முழுக்க நான். மேசைமேல் என் பேர் எழுதிய அட்டை இருக்கும், வந்து பாருங்கள் என்று அம்மாவிடமும் சொல்லிவிட்டேன்.

கண்காட்சியன்று தலைமையாசிரியர் ஒரு கல்வி அதிகாரியை அழைத்து வந்தார். கனசதுரத்தின் புறப்பரப்பைச் சொல்லும்படி சார் என்னைத்தான் முன்னே தள்ளினார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். சிவபாலன் எழுதி மாட்டியிருந்த விடையைவிட அது அதிகம். அதிகாரி அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எப்படிடா வந்துச்சு?" என்றார் சார்.

"நாக்கையும் சேத்தேன் சார்."

தமிழ் தெரிந்தவர்கள் அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். அப்போதாவது நான் நிறுத்தியிருக்கவேண்டும். "நாக்கு இல்லாம பெட்டி நிக்காது சார்! சட்டை தைச்சாக்கூட மடிச்சுத் தைக்கத் துணி வேணுமே!" என்று கத்தினேன்.

சார் கோபப்படவில்லை. "அட்டை எவ்வளவு வேணும்னு கேட்டிருந்தா நீ சொன்னது சரி. நான் கேட்டது வெளிப்பக்கம். ஒட்டின நாக்கு உள்ளே போயிடும்பா, கணக்குல வராது."

"டேய் நாக்கு, வாய மூடு லா!" என்று பின்னாலிருந்து ஒருவன் குரல் கொடுத்தான். பள்ளியை விடும்வரை அதுவே என் பேராயிற்று.

விளக்கம் சொல்லத் தெரிந்தவன் பேரைத்தான் எழுதவேண்டும் என்று தலைமையாசிரியர் சொல்லிவிட, மேசைமேல் வைத்த அட்டையில் சிவபாலன் பேர் மட்டும் இருந்தது.

மத்தியானம் அம்மா வந்தார், கோயிலுக்குக் கட்டும் சேலையில். ரோமன் எழுத்து அவருக்குத் தெரியாது. "எங்கடா தம்பி உன் பேரு?" என்றார். நான் தரையைப் பார்த்தேன். சிவபாலன்தான் சட்டென்று தன் பேர்மேல் விரலை வைத்தான். "இதுதான் ஆன்ட்டி. எல்லாம் இவன்தான் செஞ்சான்."

அம்மா ஒவ்வொரு எழுத்தாகத் தடவிப் பார்த்தார். "எம்மாம் பெருசா எழுதியிருக்காங்க!" என்று பூரித்து, அவன் தலையில் கைவைத்து, "நீயும் இவன மாதிரி நல்லா வரணும்பா" என்றார். ஊரே சிரித்தபோது வராத அழுகை எனக்கு அப்போது வந்தது. இன்னொருவன் இரக்கப்பட்டுக் கொடுத்த பேரை என் பேர் என்று நம்பியே அம்மா கண்ணை மூடினார்.

அந்தக் குவார்ட்டர்ஸ் இடிந்து அடுக்குமாடி எழுந்துவிட்டது, பேப்பர் பை போய்விட்டது, சாரும் இல்லை. என் பேத்தி போனில் விரலால் தள்ளினால் பிரமிட் தானாக விரிகிறது.

போன வாரம் சிவபாலன் அம்பாங்கிலிருந்து போன் பண்ணினார். பழைய மாணவர் மலருக்கு அவர்தான் ஆசிரியர். "குமரேசா, முழுப்பக்க விளம்பரம் தருவதானே?" "தரேன் லா." கண்காட்சிப் படம் ஒன்று கிடைத்திருக்கிறது, அந்த அட்டையில் இருந்தபடியே குறிப்புப் போடப்போகிறோம் என்றார். அமைச்சர்களிடமே குரலை உயர்த்திப் பேசிய நான், "போடுங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். கேட்க வாய் வரவில்லை.

அதனால் எழுதிக் கேட்கிறேன். விளம்பரத்தில் வருகிற பேர் நான் காசு கொடுத்து வாங்குவது. அது எனக்குப் பெரிதில்லை. சிவபாலன், அந்தப் படத்துக்குக் கீழே இப்படிப் போடுங்கள்: கணக்கு சிவபாலன், பெட்டிகளைச் செய்தவன் குமரேசன். விடையைத் தப்பாகச் சொன்னான் என்றும் சேர்க்கவேண்டுமானால் சேர்த்துக்கொள்ளுங்கள். பேரை மட்டும் விட்டுவிடாதீர்கள்.