மாப்பிள்ளை தேர்ந்தெடுத்த கம்ப்யூட்டர்

அடையாறில் ஒரு பெண்கள் கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபில் பன்னிரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். பாடம் நடத்துவதில்லை. நாற்பது கம்ப்யூட்டர்களில் எது படுத்துக்கொண்டாலும் திறந்து பார்த்து, போன பாகத்தை மாற்றி, மறுபடி ஓட வைப்பதுதான் என் வேலை. மயிலாப்பூரில் என் புகுந்த வீட்டில் "அவ காலேஜ்ல இருக்கா" என்று மற்றவர்களிடம் சொல்வார்கள். கேட்கிறவர்கள் என்னை டீச்சர் என்று நினைத்துக்கொள்வார்கள். வீட்டில் யாரும் அதைத் திருத்தியதில்லை.

என் மாமனாருக்கு எழுபத்தெட்டு வயது. இரண்டு காதிலும் மெஷின் வைத்திருக்கிறார். அவர் சேர்த்துவைத்த கச்சேரி வீடியோப் பதிவுகளும் பழைய படங்களும் ஒரு அலமாரி நிறையக் கிடந்தன. எங்கள் டிவியில் படம் நன்றாகத் தெரியும். ஆனால் அது பழையது, இன்டர்நெட் எல்லாம் வராது. அதை மாற்றாமல், பக்கத்தில் ஒரு சின்ன கம்ப்யூட்டரை வைத்து, கச்சேரி, படம் எல்லாவற்றையும் அதில் ஏற்றிவிடலாம் என்று என் கணவர் சொன்னார். முப்பதாயிரத்துக்குள் முடிக்க வேண்டும். என்னைப் பட்டியல் எழுதச் சொன்னார். இந்த வீட்டில் என் தொழிலை ஒட்டி என்னிடம் கேட்கப்பட்ட முதல் உதவி அதுதான் என்பதால் சந்தோஷமாகவே இருந்தது.

நான்கு நாள் அதில் உட்கார்ந்தேன். என் கவலையெல்லாம் சத்தத்தைப் பற்றித்தான். மாமனாருடைய காது மெஷின் பழையது. பாட்டைப் பெரிதாக்குகிற மாதிரியே ஃபேன் இரைச்சலையும் பெரிதாக்கிக் காதுக்குள் கொட்டும். மிக்ஸி ஓடினால் அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டுவிடுவார். அதனால் அதிகம் சூடாகாத ப்ராசஸராகப் பார்த்தேன். படம் காட்டும் வசதி அதிலேயே இருந்ததால் தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டாம் என்று எழுதினேன். எல்லாவற்றையும் உள்ளே அடக்குகிற வெளிப்பெட்டியாக ஒரு சின்ன கேபினெட். மிச்சமான பணத்தில் நல்ல பவர் சப்ளை. கம்ப்யூட்டருக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற பெட்டி அது. விலை குறைக்க நினைப்பவர்கள் முதலில் கை வைப்பது அதில்தான். லேபில் எரிந்து போனவற்றை அள்ளி அள்ளி எனக்கு அது நன்றாகத் தெரியும்.

சனிக்கிழமை, கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குக் கிளம்பும்போது நங்கநல்லூரிலிருந்து அத்திம்பேரும் வந்தார். அவர் என் நாத்தனாரின் கணவர், மென்பொருள் கம்பெனியில் பெரிய வேலை. கணினி என்று வந்தால் வீட்டில் அவர் சொல்வதுதான். அவர் ஒரு கம்ப்யூட்டரையும் திறந்து பார்த்ததில்லை என்பது எனக்குத் தெரியும். அதைச் சொல்லும் இடம் எனக்கு இல்லை.

கடைக்காரர் ஐம்பது வயதுக்காரர். பட்டியலை வாங்கி மேலிருந்து கீழே நிதானமாகப் படித்தார்.

"லிஸ்ட்டு சோக்கா கீது சார். வெவரம் தெரிஞ்ச கை. யாரு எழுதினது?"

"நாங்கதான்," என்றார் அத்திம்பேர். "நெட்ல கொஞ்சம் பாத்துண்டோம்."

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் எதிர்க்கடையில் தொங்கிய ஸ்பீக்கர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அத்திம்பேர் திருத்த ஆரம்பித்தார். கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் ஹோம் தியேட்டரா என்று ஒன்றைச் சேர்த்தார். ஒரு பக்கம் கண்ணாடியும் உள்ளே நீல விளக்கும் நான்கு ஃபேனும் உள்ள கேபினெட்டைக் காட்டி, "ஹால்ல வைக்கறது, பாக்க நன்னா இருக்க வேண்டாமா?" என்றார். இரண்டும் சேர்ந்து தொகை ஏறியது. அதைச் சரிக்கட்ட என்னுடைய பவர் சப்ளையை அடித்துவிட்டு, கேபினெட்டோடு வந்த பெயரில்லாத ஒன்றே போதும் என்றார்.

கடைக்காரரே தயங்கினார். "சார், கார்டு போட்டுகினு இந்த சப்ளை வேணாம் சார். தாங்காது."

"அதெல்லாம் தாங்கும். தினம் ரெண்டு மணி நேரம் பாட்டு கேக்கப் போறார், அவ்வளவுதானே."

"அத்திம்பேர், சத்தம் அதிகமா வரும். அப்பாவோட காது மெஷினுக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"சத்தமா? ஸ்பீக்கரைப் பெரிசா வெச்சா ஃபேன் எங்க கேக்கப் போறது?" என்று சிரித்தார். என் கணவரும் சிரித்தார். அதற்கு மேல் நான் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும். கடைக்காரர் என் பக்கம் இருந்தார், பட்டியல் என் கையெழுத்தில் இருந்தது. இருந்தும் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு அவர்கள் பின்னால் நடந்தேன். அந்தக் கோபம் என் மேலேயே எனக்கு இன்னும் இருக்கிறது.

முதல் நாள் நீல விளக்கைப் பார்த்து எல்லோரும் கைதட்டினார்கள். மாமனார் கச்சேரியைப் போடச் சொன்னார். தம்புரா தொடங்குவதற்கு முன்பே நான்கு ஃபேன்களும் கார்டின் ஃபேனும் தொடங்கிவிட்டன. பத்து நிமிடம் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு மெஷினைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, பாடகரின் வாயசைவை மட்டும் பார்த்தார். ஒரு வாரத்தில் அதுவும் நின்றது. சாயங்காலம் ஆனால் உள்ளே போய்ப் படுத்துக்கொள்வார்.

"அப்பாக்கு அந்த சத்தம் ஒத்துக்கல," என்றேன் என் கணவரிடம்.

"இப்பதானே வாங்கிண்டு வந்தோம். உடனே குத்தம் கண்டுபிடிக்காதே."

ஐந்தாவது மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், டப்பென்று ஒரு சத்தம். ஹால் முழுக்கக் கருகல் நாற்றம். பவர் சப்ளை எரிந்து, போகிற போக்கில் கிராபிக்ஸ் கார்டையும் கொண்டு போயிருந்தது. போனில் செய்தி கேட்ட அத்திம்பேர், "ஆத்துல யாராவது முறையா ஷட் டவுன் பண்ணாம ஸ்விட்சை அணைச்சிருப்பா. லேடீஸ் பண்றதுதானே," என்றார். போன் ஸ்பீக்கரில் இருந்தது. என் கணவர், "இருக்கும், இருக்கும்" என்றார்.

அடுத்த வாரம் லேபிலிருந்து நேரே ரிச்சி தெருவுக்குப் போனேன். அத்திம்பேர் பட்டியலில் அடித்துவிட்ட பவர் சப்ளையையும் சின்ன கேபினெட்டையும் என் சம்பளத்தில் வாங்கினேன். கார்டைக் கழற்றிப் போட்டேன். ப்ராசஸரும் மதர்போர்டும் பிழைத்திருந்தன, அவை என் பட்டியலில் இருந்தபடியே வாங்கியவை. இரண்டு சாயங்காலம் ஹால் தரையில் பழைய புடவையை விரித்து உட்கார்ந்து வேலை செய்தேன். மாமனார் நாற்காலியில் இருந்தபடி முழுவதையும் பார்த்தார். ஸ்க்ரூ ஒன்று சோபாவுக்கு அடியில் உருண்டபோது, "அதோ, அங்க" என்று கைத்தடியால் காட்டியவர் அவர்தான்.

முடித்துப் போட்டபோது ஓடுகிறதா இல்லையா என்று கை வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது, அவ்வளவு அமைதி. மாமனார் மெஷினைக் காதில் வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் தோடி கேட்டார். கேட்ட விதமே எனக்குப் போதுமாக இருந்தது.

நவராத்திரிக்கு எல்லோரும் வந்தார்கள். சுண்டல் கொடுத்துக்கொண்டிருந்தேன். யாரோ ஒரு மாமி டிவியைக் காட்டி, சத்தமே இல்லாமல் எவ்வளவு நன்றாக ஓடுகிறது என்றாள்.

"எல்லாம் அத்திம்பேர் செலக்‌ஷன்," என்றார் என் கணவர். அத்திம்பேர் தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டார். கேபினெட் மாறியிருப்பதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

நான் மாமனாரைப் பார்த்தேன். அவர் நிமிர்ந்து, எல்லோருக்கும் கேட்கும்படி, "மாப்பிள்ளை கை பட்டா எதுவும் நிலைச்சு நிக்கும்," என்றார்.

அன்று படுக்கப் போகும் முன் என் கணவரிடம் கேட்டேன். "அப்பா ரெண்டு நாளும் பாத்துண்டுதானே இருந்தார்?"

"மாப்பிள்ளைன்னா ஒரு மரியாதை இருக்கோல்லியோ. நீ ஆத்து மனுஷி. உனக்குப் போய் இதெல்லாமா?"

ஆத்து மனுஷி என்பதை இனிப்பான வார்த்தை மாதிரி சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மார்கழியில் அத்திம்பேர் கல்லூரி நேரத்தில் எனக்கு போன் செய்தார். அவருடைய பெண்ணின் லேப்டாப் நின்றுவிட்டதாம். லேப்டாப் கம்பெனியில் சரிசெய்ய நிறையப் பணம் கேட்கிறார்களாம். "நீ கொஞ்சம் பாத்துக் குடேன். ஆத்துல யார்கிட்டயும் சொல்ல வேண்டாம், என்ன?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். அப்படியென்றால் இந்த வேலை தெரிந்தவள் நான்தான் என்று அவருக்கும் தெரிந்திருக்கிறது. யாருக்குத்தான் தெரியாது?

"எனக்கு நேரமில்லை," என்றேன். எனக்கு நேரம் இருந்தது. மேஜை மேல் வேலையே இல்லை.

அதற்குப் பிறகு நாத்தனார் என்னிடம் பேசுவதில்லை. கர்வம் வந்துவிட்டது என்று என் கணவரிடம் சொன்னாளாம். அவர் அதை என்னிடம் வந்து சொன்னார், தான் அவளை மறுத்துப் பேசியதாக மட்டும் சொல்லவில்லை. அந்த போனில் அத்திம்பேருக்கு மறுத்துவிட்டதில் எனக்கு நிம்மதி வரும் என்று நினைத்தேன், வரவில்லை. மாமனார் தினமும் ஐந்து மணிக்குக் கச்சேரி போடச் சொல்கிறார். போட்டுக் கொடுத்துவிட்டு, கூட உட்கார்ந்து கேட்காமல் நான் காய்கறி வாங்க லஸ் கடைத்தெருப் பக்கம் நடந்துவிடுகிறேன், கச்சேரி முடியும்போது திரும்பி வருகிறேன்.