வெண்பட்டின் கீழ் இருந்த கடிதங்கள்

சரசுவதி பூசையன்று நண்பகலில் அழைப்புமணி ஒலித்தது. கதவைத் திறந்தேன். எங்கள் ஒசுலோக் குடியிருப்பின் கீழ்மாடியில் வசிக்கும் நோர்வேஜிய அம்மையார் மேலங்கிக்குப் பொத்தானிடாமல், கம்பளித் தொப்பியைக் கையில் கசக்கியபடி நின்றிருந்தார். எண்பதைத் தாண்டியவர், மின்தூக்கிக்குக் காத்திராமல் படியேறி வந்திருந்தார் என்பதை அவர் மூச்சே சொல்லிற்று.

“கடிதங்களைக் கொடுங்கள். அக்கா கேட்கிறாள். காலையிலிருந்து தண்ணீர்கூட இறங்கவில்லை. வாசிப்பதானால் இன்றைக்கே வாசியுங்கள் என்று தாதி சொல்லிவிட்டாள்.”

தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகே அவை இருக்கும் இடம் நினைவுக்கு வந்தது.

அக்கடிதங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், ஒசுலோவுக்கு வடக்கேயுள்ள பள்ளத்தாக்கொன்றில், அயற்பண்ணைகளில் கூலிக்கு உழைத்த இரு பெண்கள் ஒருவருக்கொருவர் எழுதியவை. ஒருவர் அம்மையாருடைய தந்தைக்கு அத்தை. மற்றவர் அவருடைய தோழி. கோடை பிறந்தால் அத்தை பசுக்களோடு மலைமேல் போய்விடுவார். அங்கே தனியே தங்கிப் பால் கறந்து, வெண்ணெய் கடைந்து, பாற்கட்டி காய்ச்சும் குடிலைச் சேத்தர் என்பர். வெண்ணெயை இறக்கிச் செல்லக் குதிரையோடு வருபவனிடம் கடிதம் கீழே போகும். மாவும் உப்பும் ஏறும்போது மறுமொழி மேலே வரும். அக்காலத்துப் பண்ணைப் பெண்கள் பலர் மறைநூலை வாசிக்கக் கற்றிருந்தனரேயன்றி எழுதக் கற்றிலர். இவ்விருவரும் தாமே முயன்று எழுதப் பழகியவர்கள். அதனால் வரிகள் ஏர் புதிதாய் ஓடிய நிலம்போல் மேடும் பள்ளமுமாகக் கிடந்தன. முதுமையில் இருவரும் ஒரே வீட்டில் வாழ்ந்தமையால் இருவர் கடிதங்களும் ஒரே கட்டாகத் தங்கிவிட்டன.

அந்தக் கட்டை வாசிக்கக் குடும்பத்தில் ஒருவராலும் இயலவில்லை. இன்று வழக்கொழிந்த கூரெழுத்து அது. பணி ஓய்வுக்குப் பின் நூலகத்து மாலை வகுப்பொன்றில் நான் அவ்வெழுத்தைப் பயின்றிருந்தேன். இளமையை ஏட்டுச்சுவடிகளோடு கழித்த கண்ணுக்கு அது பெரிதும் அயலாகத் தோன்றவில்லை. அம்மையார் கட்டை என்னிடம் ஒப்படைக்க, ஒவ்வொன்றாக இக்கால எழுத்தில் படியெடுத்து வந்தேன். லில்லெஸ்ட்ரோமில் முதியோர் இல்லத்தில் இருந்த தமக்கைதான் அவ்விரு கிழவிகளையும் சிறுமியாய்க் கண்டு, அவர்கள் மேசையில் பால் குடித்தவர். கண்மூடுமுன் அக்கடிதங்களைக் காதால் கேட்கவேண்டும் என்பதொன்றே அவர் விருப்பமாக எஞ்சியிருந்தது.

அந்தக் கட்டும் என் படித்தாள்களும் பூசையில் இருந்தன. முதல்நாள் மாலை என் மேசையிலிருந்த நூல்கள் அனைத்தையும் மனைவி வாரியெடுத்துக் கும்பத்தின் முன் அடுக்கி, வெண்பட்டால் மூடியிருந்தாள். பூசையில் வைத்ததை மறுநாள் விசயதசமிக் காலையில் தீபங்காட்டிய பின்னரே எடுப்பது எங்கள் வழக்கம். அதுவரை தொடுவதில்லை, ஒரு வரியும் வாசிப்பதில்லை.

சமையலறைக்குப் போனேன். மனைவி கடலை தாளித்துக்கொண்டிருந்தாள்.

“இஞ்சேரும், அந்தக் கடிதக்கட்டையும் பூசையில வைச்சனீரோ?”

“ஓம். எழுத்தெண்டால் எல்லாம் எழுத்துத்தானே. அதை மட்டும் ஏன் வெளியில விட?”

“அது இப்ப வேணும்.”

அகப்பை நின்றது. “உங்களுக்கென்ன விசரே? நாளைக்குக் காலமை எடுக்கலாம்.”

“கீழ்வீட்டு மனிசியின்ரை அக்கா நாளைக்கு இருக்கிறது ஐமிச்சமாம்.”

அவள் அடுப்பை அணைத்தாள். “யாழ்ப்பாணத்திலை இருக்கேக்கை ஒருக்கா எடுத்தனீங்கள். சோதனைத்தாள் திருத்தவேணுமெண்டு பூசைக்குள்ள கையை விட்டியள். அடுத்த மாசம் வீடில்லை, ஊரில்லை.”

“ஆமிக்காரன் என்ரை சோதனைத்தாளைப் பாக்கவோ வந்தவன்?”

“பகிடி விடாதேங்கோ.”

அந்த ஆண்டுதான் அவள் தம்பி திரும்பி வராமற்போனான். அதை நான் போரின் கணக்கில் எழுதினேன். அவள் பூசையின் கணக்கில் எழுதினாள். இத்தனை ஆண்டுகளாகியும் நாங்கள் அதுபற்றிக் கதைத்ததில்லை.

வாசலில் நின்ற அம்மையார் எங்கள் குரல்களைக் கேட்டுத் தயங்கினார். இன்று எங்கள் வீட்டில் நூல்களைத் தொடுவதில்லை என்று அவருக்கு விளக்கினேன். அவர் கூடத்துக்குள் எட்டி, கும்பத்தையும் வெண்பட்டையும் பார்த்தார். “எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை ஊசியைத் தொடவிடமாட்டார்கள்,” என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. வாதிட்டிருந்தாலாவது எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

“நான் வருகிறேன்,” என்றேன். “நினைவிலிருந்து சொல்கிறேன்.”

அதை மனைவிக்கும் சொன்னேன். “சொல்லுறதுக்குத் தடையில்லை,” என்றாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

எங்கள் ட்வெய்ட்டா நிலையத்தில் சுரங்கத் தொடருந்து ஏறி, நகர நடுவில் வேறு தொடருந்துக்கு மாறினோம். வழிநெடுக மனத்துக்குள் கடிதங்களை அடுக்கிப் பார்த்தேன். மாதக்கணக்கில் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தவை. அநேகமாக எல்லாம் இருந்தன. அம்மையார் கைபேசி அதிரும் போதெல்லாம் அதைப் பார்க்க அஞ்சி என்னைப் பார்த்தார்.

தமக்கை சன்னலோரக் கட்டிலில் கிடந்தார். கன்னம் குழிந்து, வாய் சற்றே திறந்திருந்தது. தங்கை குனிந்து, “கடிதம் வந்துவிட்டது,” என்றார். மூடிய இமைகளுக்குள் விழி அசைந்தது.

இளம்பெண்ணாய் இருந்த அத்தை சேத்தரிலிருந்து எழுதிய மூடுபனிக் கடிதத்தைச் சொல்லத் தொடங்கினேன். மாலை தொழுவத்துக்குத் திரும்பிய மந்தையில் ஒரு பசுவைக் காணவில்லை. பனி இறங்கிவிட்டது. பசு பாறையில் விழுந்து செத்தால் ஆண்டுக்கூலி போகும். மறு ஆண்டு எந்தப் பண்ணையும் அவளை அழைக்காது. சேத்தர்ப் பெண்கள் பசுக்களை நெடுங்குரலெடுத்துப் பாடி அழைப்பார்கள். பெயர் சொன்னால் பெயருக்குரியது மட்டும் திரும்பும். அவள் பாறை விளிம்பில் தவழ்ந்தபடி அந்தப் பெயரைச் சொல்லி அழைத்தாள்.

தமக்கை கண்ணைத் திறந்தார். “என்ன பெயர்?”

என் நாவில் அது இல்லை. பசுவின் நிறம் இருந்தது, உடைந்த கொம்பு இருந்தது, கழுத்துமணியின் ஓசைக்கு அவள் எழுதிய உவமைகூட இருந்தது. பெயர் மட்டும் இல்லை.

“என்ன பெயர்?” என்று மீண்டும் கேட்டார். இரண்டாம் முறை குரல் பாதியில் அறுந்தது.

தங்கை என் காதருகே வந்தார். “ஏதாவது ஒரு பெயரைச் சொல்லுங்கள். அவளுக்கு எப்படித் தெரியப்போகிறது?”

மூலத்தில் இல்லாத சொல்லை மூலத்தில் புகுத்தியவனல்லேன். அதை அந்தக் கட்டிலருகில் தொடங்க என்னால் இயலவில்லை. ஆயினும் என்னையே பார்த்திருந்த அக்கண்கள் மெல்ல மூடத் தொடங்கின. தாழ்வாரத்துக்குக்கூடப் போகாமல் அங்கேயே நின்று வீட்டுக்கு அழைத்தேன்.

“ஒரு பேர் மட்டும் வேணும்,” என்றேன். “பசுவின்ரை பேர். கேட்டுக்கொண்டு கிடக்கிறா. எனக்கு வருகுதில்லை.”

இணைப்பு அறுந்ததோ என்று திரையைப் பார்த்தேன், அறுந்திருக்கவில்லை.

“பொறுங்கோ,” என்றாள்.

குழாய்நீர் விழும் ஓசை கேட்டது. பிறகு பூசைமணி சிறிதாய் ஒலித்தது. பிறகு தாள்களின் சரசரப்பு.

“மூடுபனியெண்டு தொடங்கிறதோ?”

“ஓம், அதுதான். பேரை மட்டும்...”

“உங்களுக்கு வாசிக்கேல்லை. போனை அவவின்ரை காதடியில வையுங்கோ.”

பாலர் பள்ளியில் பல்லாண்டு வேலைசெய்தவள் அவள். படக்கதை நூல்களைக் குழந்தைகளுக்கு வாசித்துக் காட்டியவள். ஆனால் பெரியவர்கள் முன் நோர்வேஜிய மொழியில் ஒரு வரிகூட வாசித்தறியாள். தன் உச்சரிப்புக்குக் கூசுவாள். இப்போது முதல் வரியிலிருந்து தொடங்கினாள். சொற்கள் அவள் வாயில் யாழ்ப்பாணத்து நீட்டலோடு வந்தன. பசுவை அழைக்கும் இடம் வந்ததும் அவள் வாசிக்கவில்லை; குழந்தைகளுக்குச் செய்வதுபோல் குரலை உயர்த்திக் கூப்பிட்டாள்.

தமக்கையின் உதடு அப்பெயரைத் திருப்பிச் சொல்லிற்று. தந்தை தமக்கையைச் செல்லமாக அழைத்ததும் அதே பெயரால்தான் என்று தங்கை பின்னர் என்னிடம் கூறினார். ஆதலின் அதை இங்கே எழுதாமல் விடுகிறேன்.

“யார் இந்தப் பெண்?” என்றார் தமக்கை, கண்ணை மூடியபடியே. “எந்தப் பள்ளத்தாக்குக்காரி? பேச்சு நம் பக்கத்துப் பேச்சில்லையே.”

“தூரத்துப் பள்ளத்தாக்கு அக்கா,” என்றார் தங்கை. அவர் அழுதுகொண்டே சிரித்தார்.

மனைவி நிறுத்தாமல் வாசித்தாள். சதுப்புநில ஓரத்தில் பசு மடி கனத்து நின்றது. பாத்திரம் கையில் இல்லாததால் பாலைப் பாசிமேலேயே கறந்துவிட்டு ஓட்டிவந்தாள். பண்ணைக்காரி அறிந்தால் பொறுக்கமாட்டாள். வாசித்ததும் இதை எரித்துவிடு என்று தோழிக்கு எழுதியிருந்தாள்.

“எரிக்கேல்லை, பாருங்கோ,” என்றாள் மனைவி, தமிழில், தனக்குத்தானே. பிறகு, “இன்னும் கேட்கிறாவோ?”

“ஓம்.”

அடுத்த தாள் சரசரத்தது.

பொழுது சாயும் வேளையில் வீடு திரும்பினேன். தாள்கள் மீண்டும் வெண்பட்டின் கீழ் இருந்தன. மனைவி கும்பத்தின் முன் அமர்ந்திருந்தாள்.

மறுநாள் விசயதசமி. காலையில் தீபங்காட்டி முடிந்த கையோடு அம்மையார் அழைத்தார். தமக்கை கஞ்சி குடித்தாராம்.

“அப்ப இண்டைக்கு வாசிச்சிருக்கலாம்,” என்றாள் மனைவி. குரலில் சினம் இருந்ததா, அச்சம் இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. சற்று நேரம் சென்று தாள்களை எடுத்துக்கொண்டு போய் அம்மையாரின் வீட்டுக் கதவைத் தட்டினாள். “மீதியை எத்தனை மணிக்கு வாசிக்கலாம்?” என்று கேட்டதாக அம்மையார் சொன்னார்.

அதன்பின் பிற்பகல்தோறும் கைகழுவி, கைபேசியைச் சீனிப்போத்தலில் சாய்த்துவைத்து வாசித்தாள். கட்டு முடிந்தபோது முதலிலிருந்து தொடங்கினாள். மூடுபனிக் கடிதம் மறுபடி வருமுன் தமக்கை தூக்கத்திலேயே போய்விட்டார்.

செய்தி வந்த அன்று மனைவி கடிதக்கட்டைத் துணியில் சுற்றி அம்மையாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். திரும்பி வந்து வாசற்கதவைப் பூட்டினாள். பூட்டியதை இழுத்துப் பார்த்து மறுபடி பூட்டினாள். தனித்தனியே வசிக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு ஒவ்வொருவராய் அழைத்து, வெளியே போகும்போது பார்த்துப் போகச் சொன்னாள். பூசையில் கைவைத்ததை அவர்களுக்கு அவள் சொல்லவில்லை. அந்த மாதம் முழுவதும் அப்படித்தான் செய்தாள். நானும் மாலையில் வழக்கத்தைவிட முந்தியே வீட்டுக்கு வந்துவிடுவேன்.