சூசை சொன்ன பொய்

போர் முடிந்து, ஊர் திரும்பிய மீள்குடியேற்றத்தின் முதல் வருடம். தமிழக அகதி முகாமிலிருந்து திரும்பி வந்த என் அயலவர் சூசை, மீன் கொண்டுபோக ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கியிருந்தார். அதன் பின்சில்லு போல்ட் உப்புக்காற்றில் துருவேறி இறுகியிருந்தது. கழற்றித் தரச் சொல்லி என்னிடம் உருட்டிக்கொண்டு வந்தார்.

எண்ணெய் விட்டு ஓரிரவு பொறு, ஸ்பானரில் குழாய் மாட்டி நெம்பாதே. நான் பொறுப்பதிகாரியாக இருந்த அரச பட்டறைச் சுவரில் இந்த விதியை எழுதி ஒட்டியவனே நான்தான்.

"எண்ணெய் விட்டாச்சு, நாளைக்குப் பாப்பமே, ஐயா," என்றார் சூசை.

"எனக்குப் படிப்பிக்கிறீரோ? வண்டியைப் பிடியும்!"

குழாயை மாட்டினேன். எரிந்த என் வீடும் சோதனைச்சாவடிகளில் குனிந்து நின்ற நாட்களும் கைக்குள் இறங்கின. மிதித்தேன், சுத்தியலால் அடித்தேன், ஏசினேன். ஸ்பானர் தெறித்துச் சூசையின் புருவத்தைப் பிளந்தது. இரத்தம் கண்ணை மூடியது.

"ஆர் உம்மைக் கிட்ட நிக்கச் சொன்னது?" என்று அப்போதும் கத்தினேன்.

ஆஸ்பத்திரியில் கண் தப்பிவிட்டது என்றார்கள்.

"ஆர் அடிச்சது? பொலிசுக்கு அறிவிக்கவேணும்," என்றார் டொக்டர்.

"ஒருத்தரும் இல்லை. வள்ளத்தில வழுக்கி விழுந்தனான்," என்றார் சூசை.

டொக்டர் என்னைப் பார்த்தார். பொய் அறிக்கை எழுதியவர்களை வேலையிலிருந்து நிறுத்தியவன் நான். கிரீஸ் படிந்த கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டு, "ஓம், வழுக்கினவர்," என்றேன்.

மறுநாள், எண்ணெயில் ஊறிய போல்ட்டைச் சூசையே இலகுவாகக் கழற்றினார்.

விதி தெரியாதவன் செய்தால் அது தவறு. தெரிந்தவன் செய்ததற்கு இன்னும் பெயர் தேடிக்கொண்டிருக்கிறேன்.