பத்து சென்டும் தொண்ணூற்றொரு கிலோவும்

எங்கள் பக்கத்து ஆண்கள் தங்கள் வீரத்தைச் சொல்லத் தொடங்கினால், கடல் தாண்டிப் போனது, பாலைவனத்தில் லாரி ஓட்டியது, அம்பூரிக் காட்டில் பன்றியை விரட்டியது என்று பேச்சு நீளும். என் கையில் இருப்பது ஒரு பாறை மட்டும். குன்னத்துகாலுக்கு அப்பால், தமிழ்நாட்டு எல்லையை மலையாளப் பக்கமாக ஒட்டிக் கிடக்கும் ஒரு பாறைமேடு. ஆடுகள் தினமும் இரண்டு தடவை அதில் ஏறி இறங்கும். அலுவலக வேலையாக நான் ஒரு தடவை ஏறினேன். ஆடுகள் அதைப்பற்றி எழுதுவதில்லை.

அந்த நாட்களில் நான் சர்க்கார் நில அலுவலகத்தில் குமாஸ்தா. அடுத்தவர் நிலத்தில் குடிசை கட்டி வாழ்ந்தவர்கள், குடிசையையும் அதைச் சுற்றிய பத்து சென்டையும் சொந்தமாக்கிக்கொள்ளலாம் என்று சட்டம் வந்திருந்தது. மனுக்கள் கோட்டுகால் கடற்கரையிலிருந்து அம்பூரி ரப்பர் தோட்டம் வரை எல்லாத் திசைகளிலிருந்தும் என் மேசைக்கு வந்தன. நாள்தோறும் ஏக்கர் கணக்கில் நிலத்தை மேசையின் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு நகர்த்தினேன். உடற்பயிற்சி என்றால் அதுதான். வீட்டுக்கு முன்னால் ஏறினால் பஸ் அலுவலக வாசலில் இறக்கிவிடும். பதினொரு மணிக்கு டீயும் பருப்புவடையும். ஒன்றரை மணிக்கு, மனைவி அழுத்தி அழுத்தி நிரப்பிய பாத்திரத்தில் சோறு. நாலு மணிக்கு, வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த பழம்பொரி. வடையையும் பழம்பொரியையும் ஆளுக்கொரு நாள் முறைவைத்து வாங்குவது எங்கள் பிரிவின் வழக்கம். ஒருவர் வாங்கும் நாளில் இன்னொருவர் வேண்டாமென்றால் அவமதிப்பு. நான் யாரையும் அவமதித்ததில்லை.

மனைவியின் தம்பி கல்ஃபிலிருந்து முதல் விடுமுறைக்கு வந்தபோது, பால்பொடி டின்களோடு, ஏறி நின்று எடை பார்க்கும் மிஷின் ஒன்றும் கொண்டுவந்தான். ஊரே வரிசையில் வந்து ஏறி இறங்கியது. நான் ஏறியதும் முள் தொண்ணூற்றொன்றில் போய் நின்றது. சுற்றி நின்றவர்கள் மரியாதையோடு பார்த்தார்கள். "சர்க்கார் சோறாக்கும், சும்மாவா?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். அவர் ஐம்பத்திரண்டு கிலோ, வெட்கப்பட்டு இறங்கியவர். மனைவிக்கு முகம் மலர்ந்திருந்தது. அந்தத் தொண்ணூற்றொன்றில் பாதிக்குமேல் அவளுடையது.

அதற்கு அடுத்த வாரம்தான் அந்தப் பாறைமேட்டுக் கோப்பு வந்தது. மேட்டின் உச்சியில் ஒரு குடிசை. முந்திரி ஆலையில் வேலை பார்க்கும் ஒரு பெண் இரண்டு பிள்ளைகளோடு அதில் இருந்தாள். கணவன் கல்ஃபில் கட்டட வேலைக்குப் போயிருந்தான். பத்து சென்ட் கொடுப்பதில் ஆட்சேபமில்லை, ஆனால் அது எந்தப் பக்கத்துப் பத்து சென்ட் என்பதில்தான் நிலக்காரருக்கு வழக்கு. குடிசைக்குக் கிழக்கே வெறும் பாறை. மேற்கே ஒரு பலாமரமும், அவளும் கணவனும் வெட்டிய கிணறும். இடத்தை நேரில் பார்த்துக் குறிப்பு எழுத நான் போனேன். சங்கிலி பிடித்து அளக்க ஒரு செயின்மேன் கூட வந்தார்.

பாறைக்குக் கீழே நிலக்காரரின் காரியஸ்தர் நான் உட்கார ஒரு கசேரி போட்டு, இளநீர் வெட்டி வைத்திருந்தார். நான் பாறையைப் பார்த்தேன். பிறகு கசேரியைப் பார்த்தேன். செயின்மேன் மேலே ஏறிப் போனார். காரியஸ்தரின் ஆள் காட்டிய கிழக்குப் பக்கத்தில் சங்கிலியைப் போட்டுவிட்டு, அங்கிருந்தே கூப்பிட்டார்.

"சாறே, ஒண்ணு ஏறி வந்து பாக்குதியளா? கெணறு மறுபக்கமாக்கும்."

"அவரு காட்டுறதுபோல போடும்," என்றேன். இரண்டாவது இளநீர் கையில் இருந்தது.

'நேரில் கண்டு ஊர்ஜிதம் செய்தேன்' என்று மலையாளத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எங்கள் கோப்புகளில் அந்த வரி, கல்யாணப் பத்திரிகையில் 'சுற்றமும் நட்பும் சூழ' என்பதுபோல. யாரும் படிப்பதில்லை.

அவள் படித்தாள். நகல் வாங்கி, மலையாளம் நன்றாகத் தெரிந்த யாரையோ கொண்டு வரிவரியாகப் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். ஒரு திங்கட்கிழமை காலை, வடை வரும் நேரத்தில், என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"நேரில கண்டதா எழுதியிருக்கு. எப்பம் கண்டிய சாறே?"

"அண்ணைக்குத்தான் வந்தேனே."

"நான் முற்றத்தில நிண்ணுகிட்டிருந்தேன். பாறைக்குக் கீழ ஒரு வயிறு கண்டேன். ஆளு மேல வரல்ல."

பிரிவே தலை குனிந்து எழுதத் தொடங்கியது. அவ்வளவு சுறுசுறுப்பாக அவர்கள் எழுதி நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"பாறையில வீடு வைக்கலாம் சாறே," என்றாள். குரல் உயரவில்லை. "ஒரு சொட்டு குடிவெள்ளம் கிட்டாது. அந்தக் கெணத்த நாங்க ரெண்டு கோடை வெட்டினோம். அது போனா, பிள்ளைகளுக்குக் குடிக்க நான் எங்க போவேன்?"

மேலதிகாரியிடம் போய், குறிப்பில் சிறு திருத்தம் வேண்டும், மறுபடி போய்ப் பார்க்கிறேன் என்றேன். வேறொருவர் போனால் என் குறிப்பு பொய்யாகிவிடும். நானே போனால் அது திருத்தம். அரசாங்க மொழிக்கு இந்த அளவு கருணை உண்டு. விசாரணை நாலு மாதம் தள்ளிவைக்கப்பட்டிருந்தது. மறுநாளே கிளம்பினேன். பாறையில் வெட்டிய படிகளில் பதினெட்டாவது படியில் கண் இருண்டது. செயின்மேன் தாங்கிப் பிடித்து இறக்கி, முகத்தில் தண்ணீர் தெளித்தார்.

"சாறு பேனா தூக்குதிய. நான் சங்கிலி தூக்குதேன். பாறைக்குப் பேனா போராது, கேட்டியளா," என்றார்.

அன்று மாலை மனைவியிடம் சோற்றைப் பாதியாகக் குறைக்கச் சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நீங்க மெலிஞ்சா ஊருக்காரரு என்னையாக்கும் சொல்லுவினும். புருசனுக்குச் சோறு போடாதவளுன்னு."

"வயிறு நிறையத் தா. சோறு மட்டும் வேண்டாம்."

"சோறில்லாம என்ன வயிறு நிறைப்பு?"

கிணற்றைப் பற்றி அந்தப் பெண் சொன்னதை அவளிடம் சொன்னேன். மறுநாள் பாத்திரத்தில் ஒரு கை சோறு, அவித்த சிறுபயறு, முருங்கைக்கீரைத் தோரன், புளி போட்ட சாளைக்கறி இருந்தன. என் வயிறு அதைச் சாப்பாடு என்று ஒப்புக்கொள்ளப் பத்து நாள் ஆனது. பயறும் மீனும் தின்றவனுக்கு நாலு மணிக்குத் தூக்கம் வருவதில்லை என்பதையும் அப்போதுதான் கண்டுபிடித்தேன். அதுவரை அந்தத் தூக்கம் அரசாங்க வேலையின் ஒரு பகுதி என்று நினைத்திருந்தேன். மாலை மரச்சீனிக் கிழங்கை மட்டும் கைவிட முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு ஒத்திவைத்தேன். ஞாயிற்றுக்கிழமைகள் அதற்குப் பிறகு மெதுவாக வந்தன.

வடை முறையை மீறவில்லை. வாங்கிக்கொள்வேன், பிறகு வெளியே போய்ச் செயின்மேனிடம் கொடுத்துவிடுவேன். மூன்றாவது மாதம் அவர் வந்து, "சாறே, போதும், எனக்கு முட்டு மடங்கல்ல," என்று கும்பிட்டார்.

நடப்பதுதான் பெரும்பாடு. காலையில் இரண்டு மைலுக்கு முன்பே பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தேன். எங்கள் பக்கத்தில் ஒரு உத்தியோகஸ்தன் காரணமில்லாமல் நடப்பதை யாரும் பார்த்ததில்லை. சைக்கிள்காரர்கள் நின்று, பின்னால் ஏறச் சொன்னார்கள். வேண்டாமென்றால் முகம் சுண்டியது. "சாறுக்கு பஸ் போயிட்டா?" என்று முதல் வாரம் கேட்டார்கள். இரண்டாவது மாதம், உடம்பு இறங்கத் தொடங்கியதும், பேச்சு வேறுவிதமாகத் திரும்பியது. சர்க்கரை வியாதி என்றார் சிலர். சஸ்பென்ஷன் என்றார் சிலர். கடைசியில் எல்லோரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: கல்ஃபுக்குப் போவதற்கான மெடிக்கல் பரிசோதனைக்குத் தயாராகிறேன். ஒருவர் தன் மகனையும் கூட்டிப்போகச் சொல்லி வாழைக்குலையோடு வந்தார். மனைவியின் தம்பியிடமிருந்து வருத்தத்தோடு கடிதம் வந்தது. "அத்தான், ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விசா நான் பார்த்திருக்க மாட்டேனா?" பாறை ஏறுவதற்காக என்று உண்மையைச் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை.

மனைவிதான் நம்பினாள். யாராவது வேலிக்கு அப்பால் நின்று, "சாறு உருகிப்போச்சே," என்றால், "ஓ, உருகட்டு. நான் உருக்குதேன்," என்பாள்.

நாலாவது மாதம் பாறையடிக்குப் போனேன். மறுபடி கசேரி போட்டிருந்தது. நான் அதன்மேல் என் பையை வைத்துவிட்டு ஏறினேன். பதினெட்டாவது படியில் கால் தானாக நின்றது, கழுதை பழைய சாவடியில் நிற்பதுபோல. அதைத் திட்டி நகர்த்தினேன். மொத்தம் அறுபத்து நாலு படி. உச்சியில் நின்றபோது மூச்சு வாங்கியது, ஆனால் மூச்சு என்னிடமே இருந்தது. அவள் முற்றத்தில் இருந்தாள். தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

"இப்பம் ஆளு வந்தாச்சு," என்றாள்.

பலாமரத்தைப் பார்த்தேன். பாறை வெடிப்பில் வெட்டிய கிணற்றை எட்டிப் பார்த்தேன். சங்கிலியை இந்தத் தடவை ஒரு முனையில் நானே பிடித்தேன். அடுப்படியும் கிணறும் மரமும் பத்து சென்டுக்குள் தாராளமாக அடங்கின. பாறைக்கு வேலையே இல்லை.

ஆனால் விசாரணையில் நிலக்காரரின் வக்கீல் கெட்டிக்காரர். இரண்டு குறிப்புகளையும் இரண்டு கையில் பிடித்துக் காட்டினார். முதல் குறிப்பிலும் நேரில் கண்டேன், இரண்டாவதிலும் நேரில் கண்டேன். ஒரே கையெழுத்து. எதை நம்புவது? நம்ப முடியாவிட்டால் முதலில் வந்ததே நிற்கட்டும் என்றார். மேலதிகாரி என்னைப் பார்த்தார். கதவோரம் நின்ற அவளும் பார்த்தாள். எழுந்தேன். கோப்பு மலையாளத்தில் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அந்த நேரத்தில் வாயில் வந்தது வீட்டுப் பேச்சுதான்.

"மொதல் குறிப்பு பொய்யாக்கும் சாறே. அண்ணைக்கு நான் தொண்ணூத்தொரு கிலோ. ஏற முடியல்ல. கீழ கசேரியில இருந்து இளநி குடிச்சிட்டு எழுதினேன்."

"இப்போது ஏறியதற்கு என்ன ஆதாரம்?" என்றார் வக்கீல்.

"கெணத்துக்குள்ள வடக்குப் பக்கம், ஒரு ஆள் ஆழத்தில, ஆலங்கன்னு ஒண்ணு முளைச்சிருக்கு. மூணு இலை. கீழ இருந்தா அது காணாது. இப்பம் எழுபத்தெட்டு கிலோ. வேணுமெங்கில் தூக்கிப் பாக்கலாம்."

அறையில் சிரித்தார்கள். மேலதிகாரி சிரிக்கவில்லை. "எழுதட்டா?" என்று கேட்டார்.

"எழுதுங்க."

எழுதினார், எடை உட்பட. நிலச் சட்டத்தின் கீழ் ஒரு குமாஸ்தாவின் உடல் எடை பதிவான கோப்பு இன்னொன்று இருக்காது என்பது என் நம்பிக்கை. உத்தரவு மேற்குப் பக்கத்துக்கு வந்தது. எனக்குத் தனியாக ஒரு மெமோ வந்தது. பொய்க் குறிப்புக்கு விளக்கம் கேட்டு. என் சர்வீஸ் புத்தகத்தில் கண்டிக்கப்பட்டதாக ஒரு வரி உண்டு. பதவி உயர்வு பட்டியலில் அந்த வரிக்காக என்னைத் தாண்டி இருவர் போனார்கள். அந்தப் புத்தகத்தில் நான் பிறருக்குப் படித்துக் காட்டக்கூடிய வரி அது ஒன்றுதான்.

பட்டயம் வாங்க அவள் வந்தபோது என் மேசையில்தான் கையெழுத்து. கைவிரல்களில் முந்திரிப்பால் பட்ட கருப்பு இருந்தது. எழுத்துக்களை விட்டுவிட்டு நேராக வரைபடத்துக்குப் போனாள்.

"கெணறு எங்க சாறே?"

விரலை வைத்துக் காட்டினேன். பென்சில் முனை அளவு ஒரு வட்டம்.

"இம்பிடுதானா?"

"காயிதத்தில அம்பிடுதான் இடம்."

தலையசைத்தாள். நாலாக மடித்து, பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். வேலைக்காலத்தில் அதுபோல நூற்றுக்கணக்கான வட்டங்கள் வரைந்திருப்பேன். ஆனால் அவளுடைய அந்த ஒரு வட்டத்துக்குள் எத்தனை ஆழத்தில் தண்ணீர் கிடக்கிறது என்பது, மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்களில், எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும்.