செலீன் வீட்டு வெங்காயப் பூ

அமிர்தநாதர் இளவாலையை விட்டுக் குளிர்நாட்டு வோபர்னுக்கு வந்த வருடம் கொட்டிய பனியில், தெருவிளக்குகளெல்லாம் குதிக்காலை உயர்த்தி எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றன. நம்பாதவர்கள் போய் விளக்குகளையே கேட்கலாம். அந்தப் பனிக்குள் மனைவி குணவதிக்குப் பிரசவ வலி எடுத்தபோது, தன் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டோடியவள் பக்கத்து வீட்டுக் கிழவி செலீன். அவளுக்கு என்ன கைமாறு செய்வதென்று அவர் யோசித்துக்கொண்டே இருந்தார்.

தொண்ணூற்றைந்தில், இலை கொட்டும் காலத்தில் வழி பிறந்தது. முழங்கால் நோவால் குனிய முடியாத செலீன், ஒரு கடதாசிப் பை நிறையச் சின்னக் கிழங்குகளைத் தந்து, தன் முன்தோட்டத்தில் நட்டுவிடக் கேட்டாள். மேலும் விளக்க வாயெடுத்தவளை அவர் கையமர்த்தினார். இளவாலைச் செம்மண்ணில் வெங்காயம் வைத்து வளர்ந்தவருக்குப் பாடமா?

பனி கரைந்ததும் இலைகளின் நடுவே அடியில் நீலம் தட்டிய மொட்டுகள் தலை நீட்டின. வெங்காயம் பூத்தால் கிழங்கு பருக்காது. தண்டை முறித்துவிட வேண்டும். ஒன்று விடாமல் முறித்து, தேங்காய்ப்பூப் போட்டு வறை வறுக்க ஆகுமென்று குணவதியிடம் கொடுத்தார்.

குணவதி மணந்து பார்த்தாள். வெங்காய வாசம் மருந்துக்கும் இல்லை. திராட்சைப் பழம்போல் ஒரு இனிப்பு வாசம்.

"இஞ்சேருங்கோ, இது பூக்கண்டு. பக்கத்து வீட்டு மனிசி பாத்துக்கொண்டிருந்த பூவை எல்லே முறிச்சுக்கொண்டு வந்து நிக்கிறியள்."

அமிர்தநாதர் தலையில் கை வைத்தார். பெற்றவளையும் பிள்ளையையும் காப்பாற்றியவளுக்கு இதுவா நன்றி? குணவதி தண்டுகளைத் தம்ளர் தண்ணீரில் வைத்தாள். அவை நீலக் குலைகளாக விரியும்வரை அவர் செலீனின் யன்னலுக்குப் பயந்து பின்வழியால் வேலைக்குப் போய்வந்தார். கடைசியில் குணவதிதான் தம்ளரைக் கையில் திணித்து அனுப்பினாள்.

அரைகுறை ஆங்கிலத்தில் வெங்காயக் கதையைச் சொல்லி முடித்தார். செலீன் சிரித்த சிரிப்பில் மார்க்கம் றோட்டுக் கார்கள் பிறேக் போட்டன. பிறகு தம்ளரை முகத்தருகே பிடித்து மணந்தாள். சாண் உயரம்கூட வளராத பூ அது, குனிந்தால்தான் மணக்கலாம் என்றாள். முழங்கால் போனபின் யன்னலால் பார்த்ததோடு சரியாம். அடுத்த வருடமும் முறித்துத் தரக் கேட்டாள்.

அமிர்தநாதர் கண் கலங்க வீட்டுக்கு வந்து அதைச் சொன்னார்.

"உங்கட மூளையையும் கடவுள் காரணத்தோடதான் படைச்சிருக்கிறார்," என்றாள் குணவதி.