கடித்தால் சிரிக்கிற வீடு

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். சைக்கிள் கேரியரில் முட்டை அட்டை கட்டி நாமக்கல்லில் சந்து சந்தாக விற்றவன், இன்றைக்கு நாற்பதாயிரம் கோழி நிற்கிற பண்ணைக்குச் சொந்தக்காரன். கால்நடை டாக்டர்களே மருந்து எழுதும் முன் என் முகத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்வார்கள். பெருமைக்குத்தான் சொல்கிறேன், வேறெதற்கு? அப்படிப்பட்ட என்னைக் குழந்தைகள் ஆஸ்பத்திரி ஒன்றில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, பிள்ளை வளர்ப்பதைப் பற்றிப் பாடம் நடத்தினார்கள்.

காரணம் என் பேத்தி. நான்கு வயது. பள்ளியில் மூன்று பிள்ளைகளைக் கடித்துவிட்டாள். மூன்றாவது பிள்ளைக்குக் கன்னத்தில் பல் பதிந்துவிட்டது. இன்னொரு தடவை நடந்தால் அழைத்து வரவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வேன் நிற்கும் இடத்தில் மற்ற அம்மாக்கள் தங்கள் பிள்ளைகளை இழுத்து அந்தப் பக்கம் நிறுத்திக்கொள்வார்கள். இவள் மட்டும் பையை மாட்டிக்கொண்டு தனியாக நிற்பாள்.

ஊரில் யோசனைக்கா பஞ்சம்? ஒருத்தி வாயில் மிளகாய் தேய்க்கச் சொன்னாள். ஒருவர் கயிறு மந்திரித்துக் கொண்டுவந்தார். "ரெண்டு போடு போட்டாச் சரியாப் போயிரும் மாமா" என்றான் என் மச்சினன். அடித்து வளர்த்த அவன் மகன் இன்றைக்கு அவன் போனை எடுப்பதில்லை. இவன் எனக்குப் புத்தி சொல்கிறான். என் மகனோ, கேட்டதற்கெல்லாம் செல்போனைத் தேய்த்தபடியே தலையாட்டுவான்.

பேத்திக்குக் காய்ச்சல் என்று போன இடத்தில் மருமகள் இந்தக் கதையை டாக்டரிடம் சொல்லியிருக்கிறாள். கடிப்பதற்கு ஒரு சொட்டு மருந்தை எழுதித் தருவதை விட்டுவிட்டு, வீட்டில் இருக்கிற எல்லோரும் பக்கத்து அறைக்கு வந்து பேச வேண்டும் என்றாராம் டாக்டர். சிரித்துவிட்டு வரலாம் என்றுதான் நானும் போனேன்.

அறைச் சுவரெல்லாம் ஒட்டகச்சிவிங்கி. மேசைக்கு அந்தப் பக்கம், என் பண்ணையில் முட்டை பொறுக்கும் பெண்களின் வயதுகூட ஆகாத ஒரு பெண், குழந்தைகள் மனநல ஆலோசகராம்.

"ஏனம்மிணி, உனக்குக் கலியாணம் ஆயிருச்சா?"

"இல்லீங்கய்யா."

"நாப்பதாயிரம் கோழி வளக்கறவன் கேக்கறேன், அப்பப் பிள்ளை வளக்கறது உனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க முட்டை போட்டுப் பாத்துட்டுங்களா பண்ணை வெச்சீங்க?"

மருமகள் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். மகன் அன்றைக்குத்தான் முதல்முறையாகப் போனிலிருந்து தலையைத் தூக்கினான்.

எனக்குச் சுருக்கென்றது. இந்தப் பெண்ணுக்குத் தொழிலைக் காட்டிவிட வேண்டியதுதான் என்று ஆரம்பித்தேன். "கோழி ஒண்ணையொண்ணு கொத்துனா நான் கோழியவா திட்டுவேன்? வெளிச்சம் அதிகமா, தண்ணி வருதா, கூண்டுல நெருக்கமான்னு ஷெட்டைப் பாப்பேன். நாப்பது வருசத் தொழிலு. உன்ற படிப்புல இருக்குதா இது?"

"இதேதானுங்கய்யா இருக்குது. அப்ப உங்க ஷெட்டைப் பாக்கலாங்களா? பாப்பா மொதமொதக் கடிச்சது யாரை?"

மகன் ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தான். பிறகு மருமகள் மெல்லச் சொன்னாள். "மாமாவைத்தானுங்க."

"கடிச்சதும் என்ன பண்ணுனீங்க?"

"சிரிச்சாருங்க."

சிரித்தேன்தான். இரண்டு வயதுகூட நிறையவில்லை அவளுக்கு. விளையாட்டுக்குப் பிஸ்கட்டைப் பிடுங்கினேன். முழங்கைக்குக் கீழே ஒரு கவ்வு கவ்வினாள். அந்தத் தடத்தைப் பண்ணை முழுக்கக் காட்டிக்கொண்டு திரிந்தேன். புலிக்குட்டி என்று பட்டமும் நான்தான் கொடுத்தேன். அன்றிலிருந்து வீட்டுக்கு வருகிறவனெல்லாம் அவள் கையில் இருப்பதைப் பிடுங்குவான், கையை நீட்டுவான், "கடி பாக்கலாம்" என்பான். அவள் கடிப்பாள். வீடே சிரிக்கும்.

ஒரு கோழி ரத்தம் பார்த்துவிட்டால் அது அப்புறம் நிறுத்தாது என்பது இந்த ஜில்லாவில் தீவனம் அள்ளுகிற ஆளுக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரியாதா? ஷெட்டில் தெரிந்தது வீட்டில் தெரியவில்லை. அந்தப் பெண் எனக்குப் புதிதாக எதையும் சொல்லித் தரவில்லை. என்னுடையதையே எடுத்து என்னிடம் நீட்டினாள். அதுதான் எரிச்சல்.

அவள் சொன்னது இவ்வளவுதான்: பிடுங்கக் கூடாது. கடித்தால் சிரிக்கவும் கூடாது, கத்தவும் கூடாது. "கடிக்கக் கூடாது" என்று ஒரே வார்த்தையாகச் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். வாயால் கேட்டால் அந்த நிமிடமே, எதற்காக என்று சொல்லிப் பாராட்ட வேண்டும். முதல் சில நாள் கடி கூடினாலும் கூடும், விட்டுவிடாதீர்கள் என்றாள். இதற்கு ஒரு படிப்பு, ஒரு அறை, அத்தனை ஒட்டகச்சிவிங்கி!

கூடத்தான் செய்தது. முதல் வாரம் என் கையில் நான்கு தடம். கடித்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள், சிரிப்பு வருகிறதா என்று. முகத்தைக் கல்லாக வைத்திருப்பது லாரிக்கு லோடு ஏற்றுவதைவிடக் கஷ்டம். பாராட்டுவது அதைவிடக் கஷ்டம். என் வாயிலிருந்து நல்ல வார்த்தை வாங்கிய ஆள் இந்தச் சுற்றுவட்டாரத்தில் கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சினன் வந்தான். உட்காரும் முன்பே பேத்தியின் பிஸ்கட்டைப் பிடுங்கிக்கொண்டு கையை நீட்டினான். "எங்கடி புலிக்குட்டி, கடி பாக்கலாம்!"

கோழிக்கு நோய் ஒட்டாமலிருக்க என் பண்ணை வாசலில் மருந்துத் தண்ணீர்த் தொட்டி உண்டு. அதில் கால் நனைக்காமல் யார் வந்தாலும் உள்ளே விடமாட்டேன்.

"கையை மடக்கு மாப்ளே. சீக்குக் கொண்டாராதே எங்க ஊட்டுக்கு."

"ஏன் மாமா, விளையாட்டுக்குத்தானே?"

பேத்தி அவன் கையைப் பிடித்தாள். வாயைத் திறந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். நான் அசையவில்லை. வாயை மூடிக்கொண்டாள்.

"அது என்ற பிஸ்கட்டுங்க. குடுங்க."

மச்சினன் முழித்தான். பிஸ்கட்டைக் கொடுத்தான்.

"வாயில கேட்டே பாரு சாமி, அது நல்லாருக்குது" என்றேன். மச்சினன் என் வாயையே பார்த்தான்.

அந்தப் பருவம் முடிகிறவரை பள்ளியிலிருந்து போன் வரவில்லை. கன்னத்தில் கடிபட்ட அந்தப் பிள்ளை இப்போது வேன் நிற்கும் இடத்தில் இவளுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. அதன் அம்மா மட்டும் இன்னும் என்னை முறைக்கிறாள். முறைத்தால் முறைக்கட்டும். முறைப்பு வாங்க வேண்டிய ஆள் நான்தான் என்று அவளுக்காவது தெரிந்திருக்கிறதே.