கரும்புலி ஊற்றில் அவரைத் தேடிய நேரம்

நாங்கள் ஊரைவிட்டு வந்து குடியேறிய மல்கிரேவில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரி சீனாவிலிருந்து வந்தவள். அவளுடைய ஊர் ஜினான். அங்கே தரைக்கு அடியிலிருந்து தண்ணீர் தானாகப் பொங்கி வரும் என்றும், பல நூறு வருடங்களாக ஊர்ச்சனம் அதைத்தான் குடிக்கிறது என்றும் வேலிக்கு மேலால் நின்று அடிக்கடி சொல்லுவாள். சுகமில்லாத தகப்பனைப் பார்க்கப் போகும்போது எங்களையும் வரச்சொன்னாள். அங்கே பார்க்கவேண்டிய ஒரு ஊற்றின் பெயரை ஆங்கிலத்தில் சொன்னாள். என் கணவர் அதைத் தமிழில் சொல்லிப் பார்த்தார்: கரும்புலி ஊற்று. எங்கள் ஊரில் கரும்புலி என்றால் இயக்கத்தின் தற்கொலைப்படை. "இதை இமிகிரேஷனில சொல்லிப்போடாதையும்," என்றார். நான் சிரிக்கவில்லை.

ஜினானுக்குப் போன அடுத்த நாள் காலை அவள் எங்களை ஊற்றடியில் இறக்கிவிட்டு, மதியம் அதே இடத்துக்கு வருவதாகச் சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போனாள். கல்லில் செதுக்கிய மூன்று புலித்தலைகள். அவற்றின் வாயிலிருந்து தண்ணீர் இரைச்சலோடு ஒரு சின்னக் குளத்தில் கொட்டியது. குளத்துக்கு அப்பால் பழைய நகரத்து அகழி, பச்சையாக, ஆழம் தெரியாமல். சனங்கள் பெரிய பிளாஸ்டிக் கான்களோடு தண்ணீருக்கு வரிசையில் நின்றார்கள்.

தண்ணீரைக் குடித்துப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அவர் படியிறங்கினார். நான் புலித்தலைகளைப் படம் எடுத்தேன். நிமிர்ந்தபோது அவரைக் காணவில்லை.

முதலில் எரிச்சல்தான் வந்தது. வரிசையின் தொடக்கத்திலிருந்து முடிவுவரை நடந்தேன். அவரைப்போல நீல ஜக்கெட் போட்ட ஆண்கள் நிறையப்பேர். ஒருவரும் அவரில்லை. "இஞ்சேருங்கோ" என்று இரண்டு தரம் கூப்பிட்ட பிறகுதான் நினைவு வந்தது: ஊரில் சண்டைக்காலத்தில் ஷெல் விழுந்த நாளிலிருந்து அவருக்கு இடது காது கேட்காது. இந்த இரைச்சலில் வலது காதும் உதவாது. எங்கள் இரண்டு பாஸ்போர்ட்டும் அவருடைய பையில் இருந்தன. அந்த ஊரில் வேலை செய்கிற சிம் அவருடைய போனில் மட்டும்தான். என்னிடம் ஒரு சீனச் சொல்கூட இல்லை.

அகழியின் கரையில் நின்று தண்ணீரைப் பார்த்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு படகு போனது. ஓரத்தில் அடித்த அலையில் நீலமாக ஏதோ தெரிந்தது. உற்றுப் பார்த்தால் பிளாஸ்டிக் பை.

படிக்குமேல் சீருடை போட்ட காவலாளி ஒருவர் நின்றார். நாற்பது வயது இருக்கும். அவரிடம் போவதைத் தவிர வேறு வழியில்லை. ஆனால் முதல் படியிலேயே நின்றுவிட்டேன். ஊரில் இராணுவம் அண்ணாவைப் பிடித்துக்கொண்டு போனபோது எனக்குப் பதினொரு வயது. அம்மா அவருடைய படத்தை வைத்துக்கொண்டு முகாம் முகாமாகப் போனா. நான் அம்மாவின் சேலையைப் பிடித்தபடி நின்றேன். சீருடைக்காரர்கள் படத்தைச் சரியாகப் பார்க்கவும் மாட்டார்கள். போ என்று கையைக் காட்டுவார்கள். அண்ணா வரவேயில்லை.

போனில் என் கணவரின் படத்தை எடுத்து அந்தக் காவலாளியிடம் நீட்டினேன். அவர் என் கையிலிருந்து போனை வாங்கி, கிட்டவைத்துப் பார்த்தார். வோக்கிடோக்கியில் பேசினார். என்னிடமும் ஏதோ சொன்னார். பிறகு பின்னால் வரும்படி கையைக் காட்டினார்.

மரங்களுக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. கதவு மூடியிருந்தது. அதைத் திறந்துவிட்டு மறுபடியும் ஏதோ சொல்லி, என்னை உள்ளே போகும்படி கையைக் காட்டினார். நான் வாசலிலேயே நின்றேன். உடலை அடையாளம் காட்டத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தேன்.

"என்னப்பா, ஏன் வெளியில நிக்கிறீர்? வாரும்."

என் கணவர் கதிரையில் இருந்தார். வலது மணிக்கட்டில் யாரோ ஒரு பெண்ணின் பூப்போட்ட சால்வை இறுகச் சுற்றியிருந்தது. மற்றக் கையில் தேநீர். ஒரு வயதான பெண்ணுக்குக் கானைத் தூக்கிக் கொடுக்கப்போய் ஈரக்கல்லில் சறுக்கி விழுந்திருக்கிறார். காவலாளிகள்தான் இங்கே கொண்டுவந்து இருத்தினார்களாம். வெளியில் மனைவி நிற்கிறாள் என்று கையால் காட்டியிருக்கிறார். அவர்கள் அவர் குடிக்கக் கேட்கிறார் என்று விளங்கி, தேநீர் கொடுத்திருக்கிறார்கள்.

நான் அவருடைய ஜக்கெட்டைப் பிடித்துக்கொண்டு தரையில் இருந்துவிட்டேன். "செத்துப்போனீங்கள் எண்டு நினைச்சன்," என்றேன். அவர் தேநீரை என் பக்கம் நகர்த்தினார்.

மதியம் பக்கத்து வீட்டுக்காரி வந்தாள். காவலாளி அவளிடம், கணவருக்கு ஒன்றுமில்லை என்று இரண்டு தரம் சொல்லியும் இந்த அம்மா ஏன் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றா என்று கேட்டாராம். அவள் என்னைப் பார்த்தாள். ஆறு வருடம் வேலிக்கு மேலால் கதைத்தும் அண்ணாவைப் பற்றி அவளிடம் சொன்னதில்லை. அங்கே வைத்துச் சொன்னேன். அவள் மெதுவாக, நிறுத்தி நிறுத்தி மொழிபெயர்த்தாள். காவலாளி கேட்டு முடித்ததும் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு எனக்கு ஒரு கதிரை எடுத்துப் போட்டார்.

அவருடைய மணிக்கட்டு எலும்பில் சின்ன வெடிப்பு. ஆறு கிழமையில் சரியாகிவிட்டது. எனக்கு இன்னும் சரியாகவில்லை. போன கிழமை சுப்பர்மார்க்கெட்டில் அவர் சொல்லாமல் அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். நான் கூப்பிட்ட சத்தத்தில் காசுமேசைப் பிள்ளைகள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கையில் பால் போத்தலோடு வந்தார். "நான் இஞ்சதான் நிக்கிறன்," என்றார்.